கதவைத் திறந்தால் இறங்கும் கண்ணாடி

என் கார் ஓட்டுநருக்குக் காது மந்தம் என்று நான் காவல் நிலையத்தில் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வரும் காரணங்களைப் படித்துவிட்டு யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில், கரடியூர் போகும் சாலையில், ஒரு சின்ன வீடும் அதைச் சுற்றி ஒரு ஏக்கர் காப்பியும் வாங்கிக் குடியேறினேன். மனைவி போன பிறகு என் கண்ணும் மங்கத் தொடங்கியது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு ஓர் ஓட்டுநரை வைத்துக்கொண்டேன்.

அவர் பக்கத்தில் வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எஸ்டேட் ஜீப், சுற்றுலா டாக்சி என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த மலையிலேயே ஓட்டியவர். நான் அவரை ‘வாப்பா, போப்பா’ என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போதுதான் எனக்கு இந்த மரியாதை வருகிறது.

பனிமூட்டம் போட்ட நாளில் இந்த மலையில் யாரும் கண்ணை நம்பி வண்டி ஓட்டுவதில்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். பாட்டு ஓடினால் நிறுத்துவார்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி, ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் பதில் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால்தான் திரும்புவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கீழிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

என் ஓட்டுநரின் காது இதில் பேர்போனது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் வளைவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“பஸ்ஸு வருதுங்க சார். கரடியூரு பஸ்ஸு. பின்னாடி பிரேக்குல பட்டை தேஞ்சு போச்சு, அழுவுது கேளுங்க.”

எனக்கு மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டுமே கேட்டது. மெதுவாக முப்பது வரை எண்ணியிருப்பேன். வெள்ளைக்குள்ளிருந்து பஸ் முளைத்தது, பிரேக் கீச்சிட.

“காலேஜுல சத்தத்தப் பத்திப் பாடமெல்லாம் எடுத்தீங்களாமே சார்” என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார் இருபது வருடப் பழையது. நான் வாங்கிய காலத்தில் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்குவது ஒரு பெருமை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெருமைதான் முதலில் கெட்டது. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் நான்கு கண்ணாடிகளும் நினைத்தால் இறங்கும், நினைக்காவிட்டால் இறங்காது என்று ஆனது.

அடிவாரத்தில் வண்டி மின்சார வேலை பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார், கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஓட்டுநர் சொன்னார். அவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டேன். இரண்டு ஒயரில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கட்டிவைத்திருப்பாராம், அதை வைத்து எதையும் கண்டுபிடித்துவிடுவாராம். பல்பு எத்தனை வோல்ட் என்று சொல்லுமா என்று கேட்டேன். என்னிடம் மல்டிமீட்டர் இருந்தது. ஓய்வு பெற்றபோது மாணவர்கள் வாங்கித் தந்தது. துறைத் தலைவராக இருந்தவன் பல்பை நம்பி அடிவாரத்துக்குப் போவதா என்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் அடித்த நேரம், ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்கு கண்ணாடிகளுக்கும் மின்சாரம் அந்தக் கதவில் உள்ள சுவிட்சுகளுக்கு வந்துதான் பிரிகிறது. பலகையைக் கழற்றி, செருகியைப் பிடுங்கி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி நான்கு. மின்சாரம் முழுதாக வருகிறது. ஆகவே கோளாறு சுவிட்சில். சுவிட்சைப் பிரித்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டினேன். நான்கு கண்ணாடிகளும் இறங்கின, ஏறின.

ஓட்டுநர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? கதவத் தொறந்தா எப்பவுமே எறங்குதுங்க. சாத்துனாத்தான் எறங்க மாட்டேங்குது.”

அது தற்செயல் என்றேன். கதவு திறந்திருப்பது மின்சாரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குப் பதில் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். கதவுக் கீலுக்குப் பக்கத்தில், வண்டியின் உடம்பிலிருந்து கதவுக்குள் போகும் கம்பிகளை மூடி ஒரு ரப்பர்க் குழாய் இருக்கிறது. கதவு ஒவ்வொரு முறை மூடும்போதும் அது மடங்குகிறது. இருபது வருடம் மடங்கினால் உள்ளே கம்பி என்னவாகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அவர் தன் ஒரே வாக்கியத்தில் கோளாறு இருக்கும் இடத்தையே காட்டிவிட்டார். நான் மீட்டரைப் பெட்டிக்குள் வைத்து, “சரியாயிருச்சுப்பா. இனி எறங்கலைன்னா உன் வெரல்லதான் கோளாறு” என்றேன்.

வெயில் இருந்த இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் குளிர்ந்ததும் பழையபடி ஆயிற்று. மறுபடி கழற்றினேன், கதவு திறந்திருந்தது, மறுபடி பன்னிரண்டு புள்ளி நான்கு. சேலத்தில் பழைய சாமான் கடையிலிருந்து வேறு சுவிட்சு வரவழைத்து மாட்டினேன். அதுவும் இரண்டு நாள்.

அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மூட்டத்தில் வளைவு வந்தால் வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, கதவை ஒரு சாண் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சாத்துவார். எனக்கு அது பயமாக இருந்தது. ஓடும் வண்டியில் கதவைத் திறக்கலாமா, சுவரில் இடிக்காதா என்று கேட்டேன். பயம் ஒரு காரணம்தான். ஒவ்வொரு முறையும் ஈரக்குளிர் உள்ளே வந்து என் நெஞ்சில் அடித்தது, எனக்கு அப்போது சளி. இன்னொரு முறை கதவைத் திறந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“காது அடச்ச மாதிரி இருக்குதுங்க சார்” என்றார். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, ஏற்காட்டுக்கு மருந்து வாங்கக் கிளம்பினோம். முன் கண்ணாடிக்கு வெளியே பால் போல இருந்தது. வளைவுக்கு முன் அவர் பொத்தானை அழுத்தினார், இறங்கவில்லை. இரண்டு முறை அழுத்தினார். கை கதவுப் பிடிக்குப் போனது. என்னைப் பார்த்தார். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை எடுத்து ஹாரன் அடித்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

தலைச்சோலையைச் சேர்ந்த ஒருவர் இருசக்கர வண்டியில் ஆரஞ்சு மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். வளைவு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தார். எங்கள் வண்டியின் வலது முனை அவர் காலில் இடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டுநர் அவரைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தி, நான் மடியில் தலையைப் பிடித்துக்கொள்ள, ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்தபடியே ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினார். இந்த முறை நான் தடுக்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தார். இன்றும் ஒரு கால் குட்டைதான்.

மறுநாள் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வண்டி நிலையத்தின் முற்றத்தில் நின்றது. எஸ்.ஐ. இளைஞர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றேன். அடிபட்டவர் ஹாரன் அடித்ததாகச் சொல்கிறாரே, ஏன் கேட்கவில்லை என்று ஓட்டுநரிடம் கேட்டார்.

“கண்ணாடி ஏத்தியிருந்துச்சுங்க. எறங்கலைங்க.”

எஸ்.ஐ. ஓட்டுநர் கதவைத் திறந்தார். வெளியில் நின்றபடியே குனிந்து சாவியைத் திருப்பி, பொத்தானை அழுத்தினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஏற்றினார். இறக்கினார்.

“நல்லாத்தானய்யா எறங்குது?”

“தொறந்தா எறங்குமுங்க. சாத்திப் பாருங்க சாமி.”

அந்த நேரத்தில்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. கதவு திறந்தால் கம்பி சேருகிறது, மூடினால் விலகுகிறது. எஸ்.ஐ.யின் கை கதவின் மேல் இருந்தது. சாத்தப் போனார். சாத்தினால் தெரிந்துவிடும். பழுது என்று தெரிந்தே வண்டியைச் சாலைக்கு அனுப்பியவன், காது கொடுக்க வழி கேட்டவனைத் தடுத்தவன், மீட்டரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்று எல்லாம் தெரிந்துவிடும். இதில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதற்காக இருக்கலாம்.

“கண்ணாடியெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு” என்றேன். “இவருக்கு இப்பக் கொஞ்ச நாளாக் காது மந்தம்.”

எஸ்.ஐ. கையை எடுத்தார். ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வளைவில் ஏதோ சத்தம் கேட்டு, அது எந்த வண்டி என்று தெரியாதபோது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

பிறகு நடந்தது எல்லாம் சாதாரணமாக நடந்தது. வழக்கு வந்தது. வழக்கு என்றால் வருடக்கணக்கில் அலைய வேண்டும், ஒப்புக்கொண்டு முடித்துவிடுவதுதான் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒப்புக்கொண்டார். உரிமம் சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டுத் திரும்ப வந்தது. ஆனால் வண்டி கொடுப்பார் இல்லை. கண் கொஞ்சம் மங்கியவனைக்கூட இந்த மலையில் ஓட்ட விடுவார்கள். காது கேட்காதவனை விட மாட்டார்கள். டாக்சி ஸ்டாண்டில் என் வார்த்தையை யாரும் சந்தேகிக்கவில்லை. படித்தவர், வாத்தியார், அவன் ஓட்டிய வண்டியிலேயே தினமும் போனவர் சொல்கிறார். ஓட்டுநர் வெள்ளக்கடையில் காப்பி பறிக்கவும் மிளகு பறிக்க மரம் ஏறவும் கூலிக்குப் போனார். என்னிடம் வேலைக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

ஒரு வருடம் கார் கொட்டகையில் கிடந்தது. விற்றுவிடலாம் என்று வேறொருவரை விட்டு அடிவாரத்துக்கு ஓட்டிப்போய், அந்தப் பல்புக்காரரிடமே நிறுத்தினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தார். செருகியில் பல்பை மாட்டினார். பீடி நுனி மாதிரி சிவந்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்தார், பளிச்சென்று எரிந்தது. ரப்பர்க் குழாயைப் பின்னுக்குத் தள்ளிச் சிவப்புக் கம்பியை வெளியே இழுத்தார். பச்சை பூத்துப்போயிருந்தது. மற்ற இழைகள் எல்லாம் அறுந்து, ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

என் மீட்டர் முழு வோல்ட் காட்டியதே என்று கேட்டேன்.

“மீட்டரு குடிக்கிறது ஒரு சொட்டுங்க. அதுக்கு இந்த ஒத்த இழை போதும். மோட்டாரு குடங்குடமாக் குடிக்கும், அதுக்கு எங்க போறது? சாத்தி வெச்சு, லோடு குடுத்துப் பாக்கோணுமுங்க. யாரு பாத்தாங்க இத?”

நான்தான் என்று சொல்லாமல், தெரிந்தவர் ஒருவர் என்றேன். பெயர் இல்லாத ஒருவர்.

“நொம்பப் படிச்சவராட்ட இருக்குது” என்றார்.

பளு இல்லாமல் அளந்தால் மின்னழுத்தம் முழுதாகக் காட்டும் என்பதை முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தேர்வில் தவறாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். புதுக் கம்பி சேர்த்துக் கட்ட அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

அதன் பிறகு வண்டியை விற்க முடியவில்லை. காவல் நிலையத்துக்குப் போனேன். பழைய எஸ்.ஐ. மாற்றலாகியிருந்தார். புதியவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்புக்கொண்டு முடிந்த வழக்கு, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார். டீ வரவழைத்தார். எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்தார்.

டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் காது நல்ல காது, கண்ணாடிதான் பழுது, நான் சொன்னது பொய் என்று நின்றுகொண்டே சொன்னேன். மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் பொழப்புக்காகப் பழியத் தூக்கி உங்க தலைல போட்டுக்கிறீங்க பாருங்க, பெரிய மனசுங்க சார் உங்களுக்கு.”

இல்லை, உண்மை என்றேன். தெரியுமுங்க, தெரியுமுங்க என்றார்கள். நான் எவ்வளவு வற்புறுத்தினேனோ அவ்வளவு நல்லவனானேன். ஒருவர் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டார். வழியில் மூட்டம் இல்லை. இருந்தாலும் கண்ணாடியை இறக்கித்தான் வைத்திருந்தார்.

கடைசியாக வெள்ளக்கடைக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் காப்பிக் கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, வேண்டுமென்றே உரக்க, “காது கேக்காதவரே, உங்க வாத்தியாரு வந்திருக்காரு” என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “எங்கூட்டுல இப்ப எல்லாருமே கத்தித்தாங்க பேசறோம். வெளிய எல்லாரும் கத்தறதப் பாத்துப் பழகி, பேரப்புள்ளைங்ககூடக் கத்துதுங்க” என்றார்.

அவர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கம்பியைப் பற்றியும். அதைக் கேட்டபோது மட்டும் தலையை நிமிர்த்தினார். “கீல்கிட்டங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “அங்கதான் இருக்குமுன்னு நெனச்சேனுங்க” என்றார். பிறகு, “போச்சாது உடுங்க” என்றார்.

நான் விடவில்லை. சேலத்தில் காது மருத்துவரிடம் பரிசோதித்து, காது சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கிவிட்டால் ஸ்டாண்டில் காட்டலாம், வண்டி கொடுப்பார்கள் என்றேன். அவருக்கு விருப்பமில்லை. இரண்டு முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை அவர் மனைவிதான், போய்ட்டு வாங்க, அந்த மனுசனுக்காவது ஆறட்டும் என்று அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் போனோம். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தேன். வண்டி ஓட்டும்போது இருப்பது போலவே தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். நிறைய முறை அழுத்தினார்.

மருத்துவர் பெண். தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் லேசான குறை இருக்கிறது என்றார். மிக மெல்லிய உயர்சுருதிச் சத்தங்கள் மட்டும் கேட்காது. இந்த வயதில் அனேகமாக எல்லோருக்கும் இருப்பதுதான், வண்டி ஓட்ட எந்தத் தடையும் இல்லை என்றார். அப்படியானால் குறை இல்லை என்றே எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். இருப்பதைத்தான் எழுத முடியும் என்றார். அவர் சொன்னது சரி. தடையில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். ஆனால் முதல் வரியில் இருந்தது குறைதான். எனக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் தாளை நான்காக மடித்தார். “நீங்க சொன்னது நெசமாப் போச்சுங்களே சார்” என்றார். சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. தாளை என்னிடம் நீட்டி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்கிக்கொண்டேன். இன்னும் மேசை இழுப்பறையில் மீட்டர் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

திரும்பும்போது மலை ஏறியதும் மூட்டம் போட்டது. ஜன்னல் ஓரம் அவர்தான். ஒரு வளைவுக்கு முன்னால், எனக்கு இல்லை, தனக்கே சொல்வது போல, “லாரிங்க. பாரம் ஏத்தியிருக்கான்” என்றார். பஸ் வளைந்தது. டிரைவர் சட்டென்று ஓரங்கட்டினார். பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசுவது போல் கீழே இறங்கிப் போனது.

ஏற்காடு நிலையத்தில் வெள்ளக்கடை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அதன் கண்டக்டர் அவரைப் பார்த்ததும் இறங்கி வந்து, தோளைத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “வெள்ளக்கடை, வெள்ளக்கடை, ஏறுங்க” என்று கத்தினார். அன்பாகத்தான் கத்தினார். என் ஓட்டுநர் முகத்தைச் சுளிக்கவில்லை. கேட்டது என்பதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

அவருக்குக் கேட்கும் என்று நான் அந்தக் கண்டக்டரிடம் சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பும் வரை அங்கேயே நின்றேன். சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பெரிய மனசு என்று இன்னொருவரும் சொல்லியிருப்பார்.